ஏழு கிலோவுக்கு மேல்

விமான நிலையத்தில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ஏழுகிலோ என்று கேட்டால் டிராலி தள்ளுகிறவர்கூடக் கையைக் காட்டுவார். செக்-இன் கவுண்டரில் அவள் உட்கார்ந்திருக்கும்போது, விமானத்துக்குள் கையோடு கொண்டுபோகிற பை ஏழு கிலோவுக்கு மேல் இருந்துவிட்டால், வந்தவர் கெஞ்சினாலும் சரி, உருட்டி மிரட்டினாலும் சரி, "கொஞ்சம் குறைச்சுடுங்க" என்பதுதான் பதில்.

எடையைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். எதைக் கையில் வைத்துக்கொள்வது, எதைப் பெட்டியில் பூட்டுவது என்று தெரியாத ஜனங்களைத்தான் அவளால் பொறுக்க முடியாது. ராத்திரி முழுக்கப் பறக்கப் போகிற மனுஷன், பிரஷர் மாத்திரையைப் பெரிய பெட்டிக்குள் பூட்டி அனுப்பிவிட்டு, இஸ்திரிப் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு வருவார். கேட்டால், "பெட்டியில போட்டா உடைஞ்சிடுமேம்மா" என்பார். நடுவானத்தில் ஆள் உடைந்து விழுந்தால் பரவாயில்லையா? தினமும் இதையே பார்த்துப் பார்த்து, மூக்குக்கு மேல் கோபம் வருவது அவளுக்கு உத்தியோகத்தில் ஒரு பாகமாகவே ஆகிவிட்டது.

ஆனால் இந்த மாதம் அவள் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் வேறு. அவளுடைய தையல் மெஷினைக் காணவில்லை.

கையில் தூக்கிப் போகிற மாதிரியான சின்ன மெஷின். வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்தில் வாங்கியது. வீட்டில் ஃபிரிஜ், டிவி, சோபா எல்லாம் எல்லோருக்கும் பொது. இது ஒன்றுதான் அவளுடையது. ஷிப்ட் முடிந்து வந்து, சமையல்கட்டு ஜன்னலோரம் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், அன்றைக்குக் கவுண்டரில் வாங்கிய வசவெல்லாம் ஊசியோடு குத்திக் குத்தி வெளியே போய்விடும். பக்கத்துப் பள்ளிக்கூடத்து நாடகத்துக்கு முயல் வேஷம் தைத்துக் கொடுக்க ஒத்துக்கொண்டிருந்தாள். காதுகளை மட்டும் தைத்திருந்த நிலையில், ஒரு நாள் வேலையிலிருந்து வந்து பார்த்தால் ஜன்னலோரம் காலி.

"கரகரன்னு சத்தம் வந்துச்சுல்ல, நானே ரிப்பேருக்கு மெஷின்காரர்கிட்ட குடுத்துட்டேன்," என்றான் கணவன், போனிலிருந்து தலையைத் தூக்காமலே. கல்யாணமான நாளிலிருந்து ஒரு பல்புகூடத் தானாக மாற்றாத மனுஷன். அவளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அன்றைக்கு அவனுக்குக் காபியில் சர்க்கரைகூடக் கொஞ்சம் தாராளமாகவே விழுந்தது.

அப்புறம் ஆரம்பித்தது. பார்ட்ஸ் வரணுமாம். வந்த பார்ட்ஸ் சேரலையாம். மெஷின்காரருக்கு உடம்பு சரியில்லையாம். பள்ளிக்கூடத்து டீச்சர் இரண்டு தடவை ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு, மூன்றாவது தடவை தானே வந்து, வெட்டி வைத்திருந்த முயல்களையெல்லாம் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். "இவ்வளவு நாள் இழுத்தடிப்பீங்கன்னு நினைக்கலை," என்று வாசலில் நின்று சொன்ன சொல் அவளுக்கு நாலு நாள் சோறு இறங்கவிடவில்லை.

நேரே மெஷின்காரர் கடைக்குப் போனாள். பஸ் ஸ்டாப்பை ஒட்டி, ஒரு ஆள் உள்ளே போனால் இன்னொரு ஆள் வெளியே வந்தாக வேண்டிய அளவுக்கு ஒடுக்கமான கடை. நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். மெஷின்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "உங்க மெஷின் இங்க வரவே இல்லையேம்மா" என்றார்.

அவ்வளவுதான். அவள் பிடித்துக்கொண்டாள். அடுத்தவர் பொருளை முழுங்கிவிட்டு ஏப்பம் விடுகிறீர்களா, என் வீட்டுக்காரர் என்ன பொய்யா சொல்கிறார், இனி இந்தப் பக்கம் யாராவது மெஷினைக் கொண்டு வருவார்களா பார்க்கிறேன் என்று, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். அந்த மனுஷன் ஷெல்பிலிருந்த மெஷின்களை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். மேஜைக்கடியில் இருந்த சாப்பாட்டுப் பையைக்கூட நகர்த்திக் காட்டினார். "தேடிப் பாருங்கம்மா," என்றார். பையில் ஜிப் வைக்க வந்திருந்த ஒரு அம்மா, பையைக் கொடுக்காமலே அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனதை அவள் பார்த்தாள். அப்போது அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

கணவனிடம் சொன்னபோது அவன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "நீ ஏன் அங்க போனே? நான் பார்த்துக்கறேன். இனி போகாதே," என்றான்.

மாத ஆரம்பத்திலிருந்தே அவனுடைய அக்கா வெளிநாட்டிலிருந்து வந்து தங்கியிருந்தாள். இவளுக்கு நாத்தனார், கூப்பிடுவது அண்ணி என்று. சண்டைக்காரி இல்லை, பாவம். யாராவது கேட்டால் மட்டும் பேசுவாள். ஊருக்குத் திரும்பும் நாளுக்கு முந்தின சாயங்காலம், நாத்தனாருக்குக் கைப்பை அடுக்கிக் கொடுத்தது ஏழுகிலோதான். விடமாட்டாளே.

"பெட்டி தொலைஞ்சா ரெண்டு நாள் சமாளிக்கிற சாமான் எல்லாம் கையில இருக்கணும் அண்ணி. முதல்ல பிரஷர் மாத்திரை, டாக்டர் சீட்டோட. அப்புறம் ஒரு மாத்துத் துணி. உள்ள ஏசியைக் கூட்டி வைச்சு விறைக்க வைச்சிடுவான், அதனால ஸ்வெட்டர், சாக்ஸ். பல் துலக்குறது. சார்ஜர். தண்ணி பாட்டில் காலியா, உள்ள போய் நிரப்பிக்கலாம். மூக்குக்கண்ணாடி ரெண்டும்."

நாத்தனார் கட்டிலில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ எனக்கு ரொம்பச் செய்யறே," என்றாள், சந்தோஷமே இல்லாத குரலில். பிரிகிற வருத்தம் போல என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் வீட்டிலேயே விடைபெற்றுக்கொண்டு வேலைக்குப் போனாள். அந்த வாரம் அவளுக்கு வருகைப் பக்கத்தில், தொலைந்த பெட்டிகளுக்கான மேஜையில் டியூட்டி. புறப்பாட்டுப் பக்கம் தலைகாட்டவே முடியாது. அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் செக்-இன் பெண் ஒருத்தி காய்ச்சல் என்று வராமல் போக, மத்தியானம் இவளைத் தூக்கி மேலே உட்காரவைத்துவிட்டார்கள். இது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில், தூரத்து கவுண்டர் வரிசையில், விசிட்டர் டிக்கெட் எடுத்து உள்ளே வந்திருந்த கணவனும் அவன் அக்காவும் நிற்பதைப் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று. இவளுடைய கவுண்டர் காலியாக இருந்தது.

"அண்ணி, இங்க வாங்க. அங்க ஏன் நிக்கறீங்க?"

நாத்தனார் பேயறைந்தவள் போல நின்றாள். கணவன் சட்டென்று தூணுக்குப் பக்கமாக ஒதுங்கி போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான்.

"பரவாயில்லம்மா, நாங்க இங்கயே..." என்று இழுத்தாள் நாத்தனார்.

"என்ன பரவாயில்ல? கால் வலிக்க நிக்கணும்னு வேண்டுதலா?" கவுண்டரை விட்டு இறங்கி வந்து அவளே டிராலியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பெரிய பெட்டி எடை மேடையில் ஏறியது. சரியாக இருந்தது. நாத்தனார் தோளில் கைப்பை. தான் அடுக்கிய பை. அதைப் பஞ்சு மூட்டை மாதிரி மாட்டியிருப்பதாக முகத்தில் ஒரு பாவனை, ஆனால் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஏழுகிலோவின் கண்ணுக்கு அது போதாதா?

"என்ன அண்ணி, நான் அடுக்கினப்ப பூ மாதிரி இருந்துச்சே."

"கொஞ்சம் புஸ்தகம்."

"கேட்ல நிறுத்திப் பார்த்தாங்கன்னா வம்பு. குடுங்க, பெட்டியில இடமிருக்கு, கொஞ்சத்தை மாத்திடலாம்."

"வேண்டாம்" என்று நாத்தனார் சொல்வதற்குள் பை எடை மேடைக்கு வந்துவிட்டது. பதினொன்று. தன் வீட்டு ஆளுக்கு அபராதம் வந்துவிடக் கூடாதே என்ற கவலையில், அவள் தன் கையாலேயே ஜிப்பைத் திறந்தாள்.

மேலே ஒரு துண்டு. துண்டை விலக்கினால் வெள்ளை இரும்பு. ஓரத்தில், சமையல்கட்டில் ஒரு தடவை கீழே விழுந்தபோது பட்ட நசுங்கல். அடித்தட்டில், அவளே ஒட்டிவைத்த டேப்புத் துண்டு. ஊசியில் இன்னும் வெள்ளை நூல் கோத்தபடியே இருந்தது. முயலுக்குக் கோத்த நூல்.



அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. தூணுக்குப் பின்னால் பார்த்தாள். அவன் இன்னும் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தான். எதிர்முனையில் ஆள் இருந்தால்தானே பேசுவதற்கு.

"இங்க வாங்க," என்றாள். கத்தவில்லை. அவன் வந்தான்.

"ஆபீஸ்லதான் வைச்சிருந்தேன்," என்றான், அது ஒரு பெரிய பாதுகாப்பு போல. "அக்கா ஆசைப்பட்டா. குடும்பத்துக்குள்ளதானே. உனக்கு அப்புறமா வேற ஒண்ணு..."

"நீங்க பேசாதீங்க."

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அங்க காலையில எல்லாரும் போயிட்டா நாலு சுவரைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன். நீதான் வேலைக்குப் போறியே. உனக்கு எதுக்குன்னு..."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே அண்ணி."

"கேட்டா நீ ஏழு கிலோம்பே."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளா, முணுமுணுத்துவிட்டுக் கொடுத்திருப்பாளா, மாட்டேன் என்றே சொல்லியிருப்பாளா, அது அவளுக்கே தெரியாது. அதைத் தீர்மானிக்கிற உரிமையையும் சேர்த்தல்லவா துண்டில் சுருட்டி வைத்திருக்கிறார்கள்! தன் தலையில் மிளகாய் அரைத்தது போதாதென்று, ஒரு பாவப்பட்ட மனுஷனைத் தன் வாயாலேயே திருடனாக்க வைத்துவிட்டார்களே என்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அவர் சாப்பாட்டுப் பையை நகர்த்திக் காட்டிய கை கண்ணுக்குள் வந்து நின்றது.

பின்னால் இரண்டு பேர் வந்து நின்றுவிட்டார்கள். அவள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். தினமும் நூறு பேரிடம் சொல்கிற வாக்கியத்தைச் சொன்னாள்.

"இது கேபின்ல போகாது மேடம். திருப்பி எடுத்துட்டுப் போக கூட யாராவது வந்திருக்காங்களா?"

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள்.

"நான் இருக்கேன்," என்று பதிலையும் தானே சொல்லிவிட்டு, மெஷினைத் தூக்கிக் கால்மாட்டில் வைத்துக்கொண்டாள்.

மெஷினை எடுத்ததும் பை தொங்கிப்போயிற்று. கையை விட்டுப் பார்த்தாள். மாத்திரை இல்லை. ஸ்வெட்டர் இல்லை. மாத்துத் துணி இல்லை.

"எங்க அதெல்லாம்?"

"பெரிய பெட்டியில," என்றாள் நாத்தனார் தரையைப் பார்த்து.

இதற்குத்தான் அவளுக்குக் கோபம் இரண்டாம் தடவையாகப் பொங்கியது. திருடுகிறதுதான் திருடுகிறீர்கள், பிரஷர்காரி மாத்திரையையாவது கையில் வைத்துக்கொண்டு திருடக்கூடாதா? பெரிய பெட்டியை மேடையிலிருந்து இறக்கினாள், திறந்தாள், ஒரு பக்கமாகக் குடைந்தாள். மாத்திரைப் பெட்டி, சீட்டு, ஸ்வெட்டர், சாக்ஸ், மூக்குக்கண்ணாடி. முந்தின சாயங்காலம் அடுக்கிய அதே வரிசையில், ஒவ்வொன்றையும் பளார் பளார் என்று கைப்பைக்குள் அடுக்கினாள். பையை மறுபடியும் எடை போட்டாள். சரியாக இருந்தது. ஜிப்பை இழுத்து மூடி, டேக் கட்டி, போர்டிங் பாஸைக் கையில் வைத்தாள்.

"ஜன்னல் சீட். மாத்திரை மேலயே இருக்கு. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்க. நான் எடுக்க மாட்டேன், ஆனா பண்ணுங்க."

நாத்தனார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள்.

"அடுத்து," என்றாள் ஏழுகிலோ. பிறகு கணவனைப் பார்த்து, "நீங்க போயிடாதீங்க. என் ஷிப்ட் முடியட்டும்."

அவன் தூணுக்குப் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தான்.

பஸ்ஸில் மெஷினை அவன் மடியில் வைத்துக்கொண்டான். வீட்டு ஸ்டாப் வந்தபோது எழுந்தான். "உட்காருங்க," என்றாள். அடுத்த ஸ்டாப்பில் இறங்கினால் மெஷின்காரர் கடை. அதைப் பார்த்ததும் அவன் நின்றுவிட்டான்.

"இது எதுக்கு இப்ப? வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாமே."

"நான் அவரை வீட்டுக்குள்ள வைச்சா திட்டினேன்?"

கடையில் மெஷின்காரர் மட்டும் விளக்கடியில் உட்கார்ந்து எதையோ எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் தானாகவே எழுந்து ஷெல்பு பக்கம் ஒதுங்கி நின்றார், மறுபடியும் தேடத்தான் வந்திருக்கிறாள் என்று. அதைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை.

"அண்ணே, மெஷின் கிடைச்சிடுச்சு. உங்ககிட்ட வரவே இல்லை. பொய் சொன்னது இவர். விசாரிக்காம வாய்க்கு வந்தபடி பேசினது நான். தப்பு என்னுது. மன்னிச்சுக்கோங்க." கணவனைப் பார்த்தாள். அவன் ஏதோ முணுமுணுத்தான்.

"சத்தமா."

"நான் இங்க குடுக்கவே இல்லைங்க," என்றான் அவன்.

மெஷின்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை.

"சரிம்மா. ஆனா அன்னைக்கு இங்க நின்னவங்க யாரும் இப்ப இல்லையே."

அவள் தெருவைத் திரும்பிப் பார்த்தாள். கடைக்கு முன்னால் யாருமே இல்லை. அன்றைக்கு நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் நாலைந்து பேரிடம் சொல்லியிருப்பார்கள்.

"யார் யாருன்னு சொல்லுங்கண்ணே."

"விடும்மா."

"பையில ஜிப் வைக்க வந்தாங்களே, அந்தம்மா வீடு எங்க?"

மெஷின்காரர் தயங்கிவிட்டு, மருந்துக் கடைக்கு எதிர் மாடி என்றார். பிறகு, தெருக்கோடியில் குடை ரிப்பேர் பண்ணுகிறவர். இன்னும் இரண்டு பேர். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

கணவன் மெஷினை மெதுவாகக் கடை மேஜையில் இறக்கப் போனான்.

"அதைத் தூக்குங்க. பார்த்தாதான் நம்புவாங்க."

மருந்துக் கடைக்கு எதிர் மாடியில் லிப்ட் கிடையாது. இரண்டாவது திருப்பத்தில் அவன் நின்று மூச்சு வாங்கினான்.

"கை விட்டுப் போகுதும்மா. கொஞ்சம் நீ பிடியேன்."

"ஏழு கிலோவுக்கு மேலங்க," என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் ஏறிப் போய்க் கதவைத் தட்டினாள்.