மந்திரித்த ஜெர்சி

பீடத்தின் கீழ்ப்படியில் இருந்த பிளாஸ்டிக் பையைக் கிரேஸ் மேரி தூக்கியது அதன் அடியில் பெருக்குவதற்காகத்தான். இரண்டாம் பூசை முடிந்து ஜனம் கலைந்துவிட்டிருந்தது. அந்த ஞாயிறு கோயிலைக் கூட்டிப் பூ மாற்றும் முறை அவள் தெருக்காரர்களின் அன்பியக் குழுவுக்கு. வரவேண்டியவர்களில் பாதிப் பேர் தலைவலி, விருந்தாளி என்று கழன்றுகொள்ள, அவளும் ஜோஸ்பினும்தான் விளக்குமாறும் கையுமாக நின்றார்கள். ஒரு கையால் தூக்கிய பை வழுக்கியது. உள்ளே மடித்து வைத்திருந்த நீல ஜெர்சிகள் படியில் சரிந்தன.

சற்று முன்புதான் சாமியார் தீர்த்தம் தெளித்து அவற்றை மந்திரித்திருந்தார். திருவிழாப் போட்டியில் நம் பங்குக் கோயிலின் சார்பில் முதல் தடவையாகப் பெண்கள் வாலிபால் அணி இறங்கப்போகிறது என்று மைக்கில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோரும் நிறுத்திய பிறகும் கிரேஸ் மேரி தட்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஆள் எடுக்கும்வரை ஜெர்சிகள் மாதா காலடியிலேயே இருக்கட்டும் என்று கிளப்புத் தலைவர் சவரிநாதன் சொன்னதும் அவளுக்கு நல்ல யோசனையாகத்தான் பட்டது.

விழுந்ததை மடிக்கப்போனபோது ஒன்றின் முதுகில் பெயர் தெரிந்தது. ரோஸ்லின். சவரிநாதனின் மகள். கிரேஸ் மேரி அடுத்ததைத் திருப்பினாள். ரோஸ்லினின் சித்தப்பா மகள். அதற்கடுத்தது அந்தப் பெண்ணின் தங்கை. பிறகு கோயில் உபதேசியாரின் பேத்தி. இப்படியே பன்னிரண்டும் கோயில் தெருப் பிள்ளைகள். முதலிலிருந்து இன்னொரு தரம் புரட்டினாள். அவள் மகள் ஜெனிபரின் பெயர் இல்லை. நாலு மணிக்கு நடக்கப்போகிற தேர்வுக்கு, பத்து மணிக்கே மந்திரித்து முடித்தாகிவிட்டது.

“இன்னாக்கா தேடுற?” என்று வந்த ஜோஸ்பின் ஜெர்சிகளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். “இதுவா? போன வாரமே அச்சடிக்கக் குடுத்துட்டாங்கன்னு பேச்சு. உனக்குத் தெரியாதா? வுடுக்கா. கோயில் தெருக்காரங்க டீமு. வாய்க்காலுக்கு அந்தாண்ட இருக்கற நம்ம பசங்களுக்கு எப்போ இன்னா குடுத்தாங்க?”

கிரேஸ் மேரி வாயைத் திறந்திருந்தால் பீடத்தின் முன்னால் சொல்லக்கூடாத வார்த்தைதான் வந்திருக்கும். ஜெர்சிகளை மடித்துப் பையில் போட்டாள். அதே விளக்குமாற்றால் மீதிக் கோயிலையும் கூட்டினாள். கூட்டக் கூட்ட வயிறு எரிந்தது.

எரிந்தது சவரிநாதன்மேல் மட்டும் என்றால் பரவாயில்லை. பாதி அவள்மேலேயே எரிந்தது. பள்ளிகளுக்கு இடையிலான ஆட்டத்தில் ஜெனிபர் ஆடுவதைப் பார்த்துவிட்டு, மதகடிப்பட்டு கிளப்பின் கோச் கஸ்தூரி மேடம் தானாகவே போன் பண்ணியிருந்தார். இந்த ஞாயிறு மூணு மணிக்கு ஜூனியர் டீமுக்கு ஆள் எடுக்கிறோம், உங்கள் பெண்ணைக் கட்டாயம் அனுப்புங்கள், வயசுப்படி அவளுக்கு இதுதான் கடைசி வருஷம் என்றார். அந்தக் கிளப்பில் ஆடும் பெண்கள் மாநிலப் போட்டிவரை போகிறார்கள். ஜெனிபருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மறுநாளே, கம்பெனி வேன் இறக்கிவிட்ட இடத்திலிருந்து நடந்து வந்துகொண்டிருந்த கிரேஸ் மேரியைப் பார்த்துச் சவரிநாதன் பைக்கை நிறுத்தினார். அதற்குமுன் ஒருநாளும் அவளுக்காக நின்ற பைக் இல்லை அது. “இன்னாம்மா கிரேஸ், ஜெனிபர் வேற ஊருக்கு ஆடப் போவுதாமே? நம்ம கோயில் பொண்ணு நம்ம ஊருக்கு ஆடக்கூடாதா?” என்றார். அவ்வளவுதான், உருகிப்போனாள். வீட்டுக்கு வந்து கஸ்தூரி மேடத்துக்கு அவளே போன் போட்டாள். “எங்க ஊர்லயே டீம் இருக்குது மேடம். எம் பொண்ணு எங்க ஊருக்குத்தான் ஆடும்” என்று எவ்வளவு கெத்தாகச் சொன்னாள்! ஜெனிபர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. “சொந்த ஊர்ல மதிச்சிக் கூப்பிடறப்ப அடுத்த ஊர்ல போயி நிப்பியா?” என்று அதற்கும் அதட்டல். மதித்தார்களாம். திருவிழாப் போட்டிக்கு மதகடிப்பட்டு டீமும் வருகிறது என்பது அவள் மரமண்டைக்கு இப்போதுதான் உறைத்தது. அந்தப் பக்கம் நின்று ஜெனிபர் அடித்தால் ரோஸ்லின் கூட்டத்தால் ஒரு பந்து எடுக்க முடியாது. பைக் நின்றது அதற்காகத்தான்.

வீட்டில் ஜெனிபர் வாசற்படியில் உட்கார்ந்து ஷூவைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். கோபம் ஆறி, இரண்டு நாளாக அம்மாவோடு ஒழுங்காகப் பேச ஆரம்பித்திருந்தாள். “மா, பிரகாஷ் அண்ணா என்னைய லிஃப்டராத்தான் நிக்க வைப்பாருன்னு நெனைக்கறேன். ரோஸ்லினுக்கு நான் தூக்கிக் குடுத்தா அவ அடிச்சிடுவா, பாரு” என்றாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. வில்லியனூருக்குப் போய் ஒரு பஸ் ஏறினால் மதகடிப்பட்டு. கிரேஸ் மேரி அடுப்பைப் பற்றவைத்தாள். அரிசி களைந்தாள். கஸ்தூரி மேடத்தின் நம்பரை ஒரு தரம் எடுத்துப் பார்த்தாள். தப்பாகிவிட்டது மேடம், எங்கள் ஊரில் எங்களை ஏமாற்றிவிட்டார்கள், இப்போது அனுப்பட்டுமா என்று எந்த முகத்தோடு கேட்பது? அடுத்த வீட்டு வாசலில் பழைய சோறு கேட்கிற மாதிரி இருந்தது. போனை முந்தானையில் முடிந்து வைத்தாள். பெயர் போட்டால் என்ன, அச்சடித்ததை மாற்ற முடியாதா? புதிதாக ஒன்று தைக்க எத்தனை நேரம் ஆகும்? பிள்ளை ஆடுவதை ஊரே பார்க்கும்போது இல்லையென்று எவன் வாய் சொல்லும்? நினைக்க நினைக்க அதுவே நியாயமாகப் பட்டது. சோற்றோடு ஒரு முட்டையையும் பொரித்து வைத்தாள். ஜெனிபர் சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். அந்தச் சிரிப்பை நிமிர்ந்து பார்க்க கிரேஸ் மேரிக்குத் தெம்பில்லை. புருஷன் அன்புராஜ் இருந்தால் அவனிடமாவது கேட்டிருக்கலாம். அவன் லோடு வண்டியோடு கிருஷ்ணகிரிப் பக்கம் போயிருந்தான்.

நாலு மணிக்குக் கோயில் மைதானத்தில் வலை கட்டியிருந்தது. வேப்பமரத்து நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுச் சவரிநாதன் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் விசில் தொங்க ஆரோக்கிய பிரகாஷ் பிள்ளைகளைப் பிரித்து நிற்க வைத்தான். கிளப்புச் செயலாளர் அவன்தான். பையன்களோடு ஆடவிட்டு ஜெனிபருக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான். இன்றைக்கு அவன் ஜெனிபரைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. கிரேஸ் மேரியைப் பார்த்ததும் வலைக்கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டான். சரியாகத்தான் இருந்தது.

ஜெனிபர் ஆடினாள். அவள் அப்படி ஆடிக் கிரேஸ் மேரியே பார்த்ததில்லை. பின்னால் விழப்போன பந்தைக் குப்புற விழுந்து எடுத்தாள். எழுந்து முட்டியைக்கூடத் தட்டிவிடாமல் வலைக்கு ஓடி அடுத்ததைத் தூக்கிக் கொடுத்தாள். யார் எப்படிக் கோணலாகப் போட்டாலும் அவள் விரலுக்கு வந்ததும் பந்து ஒழுங்காகிவிட்டது. ரோஸ்லின் அடித்த சர்வீஸ் மூன்றும் வலையில் விழுந்தன. ஆனாலும் ஜெனிபர் அளந்து தூக்கிக் கொடுத்த ஒரு பந்தை அந்தப் பெண் ஓங்கி அடித்துவிட்டது. அடித்ததும் சந்தோஷம் தாங்காமல் ஜெனிபரைக் கட்டிப்பிடித்துக் குதித்தது. பாவம், அதன்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. கடைசியாக ஜெனிபர் அடித்த சர்வீஸ்களை எதிர்ப்பக்கம் ஒருத்தியாலும் தொட முடியவில்லை. சுவரோரம் நின்ற பையன்கள் விசிலடித்தார்கள். கிரேஸ் மேரி சவரிநாதனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

பிரகாஷ் போனைப் பார்த்துப் பெயர் வாசித்தபோது தலை நிமிரவில்லை. பன்னிரண்டு பெயர். பீடத்துப் படியில் இருந்த அதே பன்னிரண்டு. ஜெனிபர் தன் பெயர் விட்டுப்போய்விட்டதோ என்கிற மாதிரி அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் மேலே எதுவும் சொல்லாமல் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதும் அவள் முகம் சுண்டிப்போயிற்று.

“சவரி அண்ணே.” கிரேஸ் மேரி மைதானத்துக்குள் இறங்கினாள். “எம் பொண்ணு பேரு எங்க?”

“நல்லாத்தான்மா ஆடுது. யாரு இல்லன்னா? ஹைட்டு கொஞ்சம் பத்தல” என்றார் சவரிநாதன். ஜெனிபரின் காதளவுகூட வராத ரோஸ்லின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. “கூட வரட்டும். ஓரமா நின்னு பந்து கிந்து எடுத்துப் போட்டா பழக்கம் ஆவும்ல?”

“பந்து எடுத்துப் போடவா?” அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. “காலைல மாதா காலடில வச்சி மந்திரிச்சிட்டு, சாயங்காலம் செலக்சன்னு கூப்ட்டு, இந்தப் பசங்கள வெயில்ல ஓடவுட்டு வேடிக்கை பாக்கறீங்களா? பேரு அச்சடிச்சி ஒரு வாரம் ஆச்சி. பன்னண்டு ஜெர்சியும் இந்தக் கையால புரட்டிப் பாத்தவ நானு. அதுல அந்தாண்டத் தெருப் பேரு ஒண்ணு இருக்குதா? இருந்தா காட்டுங்க, கால்ல வுழறேன். எம் பொண்ணு மதகடிப்பட்டுக்கு ஆடிடக் கூடாது, அதுக்குத்தான பைக்க நிறுத்தி நம்ம கோயிலு, நம்ம ஊருன்னு பேசினீங்க? கோயிலக் கூட்டறதுக்கு நாங்க நம்ம ஊரு. பந்து பொறுக்கறதுக்கு நம்ம ஊரு. ஆடறதுக்கு மட்டும் யாரு ஊரு அண்ணே இது?”

சவரிநாதன் நாற்காலியை விட்டு எழுந்தார். முகம் கறுத்திருந்தது. “இது கோயில் எடம். இங்க நின்னு சத்தம் போடாத” என்று மட்டும் சொன்னார். பிரகாஷ் விசிலைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்தது இறங்கி, கிரேஸ் மேரிக்கு மூச்சு தாராளமாக வந்தது. கேட்டுவிட்டாள். ஊர் நடுவில், அவர் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டாள். அந்த நிமிர்வோடு மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

ஜெனிபர் சவரிநாதனைப் பார்க்கவே இல்லை. அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மா. ஜெர்சிய எப்ப பாத்த?”

“அத வுடுடி இப்போ. வா, வூட்டுக்குப் போவலாம்.”

“எப்ப பாத்தன்னு கேக்கறேன்.”

“காலைல. பூசை முடிஞ்சி கூட்டறப்போ.”

“அப்போ சோறு போடும்போதே உனக்குத் தெரியும். முட்ட பொரிச்சிக் குடுத்தியே, அப்பவே தெரியும்.” ஜெனிபர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. “மதகடிப்பட்டுல மூணு மணிக்கு செலக்சன். சொல்லியிருந்தா ஓடியாவது போயிருப்பேன்ல?”

“நீ ஆடறதப் பாத்தா அவங்க மனசு மாறும்னு நெனச்சன்டி...”

“அவங்க மனசா? அந்த மேடத்துக்குப் போன் பண்ணி, தப்பா சொல்லிட்டேன்னு சொல்ல உனக்கு வெக்கம். அதான்.”

கிரேஸ் மேரி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அத்தனை பேரும் பார்க்க, அங்கேயே நின்று நம்பரைப் போட்டாள். கஸ்தூரி மேடம் உடனே எடுத்தார். குரலில் கோபமில்லை. இப்போதுதான் ஆட்களை எடுத்து முடித்தோம், பேர்கூட அனுப்பியாகிவிட்டது, ரெண்டு மணி நேரம் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதாம்மா என்றார். இந்த ஒரு வாட்டி மேடம், ஒரே ஒரு வாட்டி பாருங்க மேடம் என்று கிரேஸ் மேரி கெஞ்சினாள். இப்போது கெஞ்ச வெட்கமே இல்லை. மூணு மணிக்குமுன் எங்கே போயிருந்தது இந்த வாய்? எதிர்முனை வருத்தத்தோடு வைத்துவிட்டது. ஜெனிபர் போய்ப் பந்தை எடுத்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்தது. சவரிநாதனின் பைக் கிளம்பிப் போனது. பிரகாஷ் வலையை அவிழ்க்க வந்தான். ஜெனிபர் பின்கோட்டில் பந்தோடு நிற்பதைப் பார்த்துவிட்டுத் தயங்கித் திரும்பிப் போனான். அவள் பந்தைத் தூக்கிப் போட்டு ஓங்கி அடித்தாள். அது வலைக்கு மேலே சீறிப் போய்க் காலியாகக் கிடந்த எதிர்ப்பக்கத்தில் புழுதி கிளப்பியது. கிரேஸ் மேரி அந்தப் பக்கம் போய் அதை எடுத்து உருட்டிவிட்டாள். ஜெனிபர் வாங்கிக்கொண்டு கோட்டுக்குப் போனாள். அம்மா விலகுவதற்காக அவள் காத்திருக்கவில்லை.

அடுத்த பந்து கிரேஸ் மேரியின் தோளில் வந்து அறைந்தது. கண்ணில் நீர் முட்டுமளவு வலித்தது. பந்து எகிறிச் சுவரோரம் போய் விழுந்தது. அவள் நடந்துபோய் அதை எடுத்தாள், வலைக்கு அடியில் உருட்டினாள், திரும்பி வந்து முன்பு நின்ற இடத்திலேயே நின்றாள். எதிரே ஜெனிபர் முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பந்தை மறுபடி மேலே எறிந்தாள்.