ஸ்பேமில் கிடந்த நான்கு கடிதங்கள்

பதுளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே போனும் இன்டர்நெட்டும் வைத்திருந்த மொஹிதீனின் கொமினிகேஷன் கடையில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவள் நளீரா. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து ரெங்கம்மா மூன்றாவது நாளாகக் கொழுந்து பறிக்கப் போகாமல் அங்கே வந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மகள் நிரஞ்சலா பெய்ரூட்டில் வீட்டுவேலைக்குப் போயிருந்தாள். வாராவாரம் கடை முகவரிக்கு ஈமெயில் போடுவாள். நளீரா வாசித்துக் காட்டுவாள். லெபனானில் குண்டு விழத் தொடங்கிப் பதினெட்டு நாளாகியும் ஒரு வரி வரவில்லை. போனும் கிடைக்கவில்லை.

மற்றவர்களுக்குக் கடிதம் வந்துகொண்டுதான் இருந்தது. அதனால் லைனில் பழுதில்லை என்று நளீராவுக்குத் தெரிந்தது. இன்னொரு முகவரியிலிருந்து கடை முகவரிக்கு ஒரு கடிதம் அனுப்பிப் பார்த்தாள்; வந்தது. பிறகு நிரஞ்சலா எழுதுகிற மாதிரியே, தலைப்பில்லாமல், தமிழை இங்கிலீஷ் பெரிய எழுத்தில் அடித்து அனுப்பினாள். அது வரவில்லை.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. மாத ஆரம்பத்தில் மெயில் மென்பொருளின் புதிய பதிப்பைப் போட்டபோது, விளம்பரத் தொல்லை தாங்காமல் ஸ்பேம் வடிகட்டியை ஆகக் கடுமையான அளவில் வைத்தது அவள்தான். பட்டியலின் அடியில் இருந்த ஸ்பேம் பெட்டியைத் திறந்தாள். லொத்தர்ச் சீட்டு விளம்பரங்களுக்கு நடுவே நிரஞ்சலாவின் நான்கு கடிதங்கள் கிடந்தன.

அவள் எழுந்து வந்து ரெங்கம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கடிதம் வந்திருக்கு அக்கா. நான் செஞ்ச பிழையாலதான் கண்ணுல படாமப் போச்சு. மன்னிச்சிருங்க."

ரெங்கம்மா அவளையே பார்த்தாள். "புள்ள உசுரோட இருக்கா?"

"இருக்கா. கடைசிக் கடிதம் முந்தாநாள் வந்திருக்கு."

"அப்ப படிங்க தங்கச்சி."

வீட்டுக்காரர்களோடு மலைப்பக்கம் வந்துவிட்டதாகவும், அங்கே குண்டுச் சத்தம் இல்லை என்றும் நிரஞ்சலா எழுதியிருந்தாள். கடைசி வரிகளை நளீரா மெதுவாக வாசித்தாள். "ஏம்மா பதில் போட மாட்டேங்கிற? சொல்லச் சொல்லக் கேக்காம வந்துட்டேன்னு இன்னும் கோவமா?"

ரெங்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கோவம் இல்லன்னு எழுதுங்க. நீ பஸ் ஏறுன அன்னைக்கே போயிருச்சுன்னு எழுதுங்க."

நளீரா அப்படியே அடித்தாள். கீழே, தாமதம் தன்னால்தான் என்று தன் பெயரில் ஒரு வரி சேர்த்து அனுப்பினாள். வடிகட்டியின் அளவைக் குறைத்து, நிரஞ்சலாவின் முகவரியை நம்பகமானவர்கள் பட்டியலில் போட்டாள்.

இரண்டு பஸ் போயும் ரெங்கம்மா எழுந்திருக்கவில்லை. மூன்று மணிக்குப் பதில் வந்தது. அடுத்த வாரம் வீட்டுக்காரர்கள் அவளை ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். நளீரா அதை இரண்டு தரம் வாசித்தாள். மூன்றாவது தரம் கேட்க ரெங்கம்மாவுக்குக் கூச்சமாக இருந்தது. அது தெரிந்து, நளீரா தானாகவே இன்னொரு தரம் வாசித்தாள்.