சாட்சிப் பட்டியலில் இல்லாதவர்

மந்திரி நிருபேந்திர லாஹிரி சுட்டுக் கொல்லப்பட்ட பதினோராவது நாள், தன் கொலையை விசாரிக்கும் கமிஷனுக்கு அவரே வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். அது 1967, வங்காளத்தில் பலாஷ்தாங்கா என்னும் ஊர். குர்த்தாவின் முதுகில் ஒரு ஓட்டை இருந்ததே தவிர ஆள் பழையபடிதான் இருந்தார். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார், சாட்சிப் பட்டியலைப் புரட்டினார், பெயர் இல்லை, மேலே போனார். வெயில் கடுமையாக இருந்ததால் மந்திரிக்கும் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார்கள்.

கைதானவன் நிதாய் கர்மகார், கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவன். மந்திரி சுடப்பட்ட கூட்டத்தில், மைக் கரகரக்கிறது என்று மேடையேறியவன். அந்நேரம் மேடையிலிருந்த ஒரே ஏழை அவன்தான் என்பதால் போலீசுக்கு வேலை சுலபமாயிற்று. துப்பாக்கி மறுநாள் அவன் வயர்ப் பையிலேயே அகப்பட்டது. அவன் மனைவி லாபண்யா ஒரு நாள் விடாமல் விசாரணைக்கு வந்தாள். மந்திரியை யாருமே ஒன்றும் கேட்காததைப் பார்த்து, நாலாம் மாதம் அவளே போய்க் கேட்டாள்.

"லாஹிரி பாபு, உங்களைச் சுட்டது யாரு?"

"முதுகுல பட்டதும்மா. முதுகுக்கு ஏது கண்ணு?"

"அப்ப என் வீட்டுக்காரர் எங்க நின்னாரு?"

"எனக்கு எதிர்ல. மைக்கை உசத்திக்கிட்டிருந்தான். நான் அவன் மேலதானே சாஞ்சேன்."

லாபண்யா அவர் கையைப் பிடித்து நீதிபதி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். நீதிபதி மரியாதையாக எழுந்து நின்றார். ஐயாவின் இறப்புச் சான்றிதழ் அரசு முத்திரையோடு தாக்கலாகியிருக்கிறது, அதை ஐயாவே மறுத்தால் கொலையே நடக்கவில்லை என்றாகிவிடும், பிறகு இந்தக் கமிஷன் எதற்கு என்று வருத்தத்தோடு விளக்கினார். ஆட்சியில் இருந்தவராதலால் மந்திரிக்கு அந்த நியாயம் உடனே விளங்கியது.

அங்கிருந்து அவரைக் கோஷ்டோவின் டீக்கடைக்கு அழைத்துப்போனாள். கமிஷனைக் கிழித்துத் தோரணம் கட்டும் இடம் அது. டெல்லி என்றார் ஒருவர், சொந்தக் கட்சி என்றார் இன்னொருவர், மீன்குளத் தகராறில் மந்திரியின் மைத்துனன்தான் என்று சத்தியம் செய்தார் தபால்காரர். மந்திரி சொன்னதைக் கேட்டதும் எல்லார் முகமும் தொங்கிவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றான் கோஷ்டோ. "தப்பா நினைக்காதீங்க பாபு, நீங்க சம்பவத்துக்கு ரொம்பக் கிட்ட இருந்துட்டீங்க. அதான் முழுசாத் தெரியல."

"இவரு நிஜமான ஆளே இல்லப்பா," என்றார் தபால்காரர். "இவரை அனுப்பிவச்சதே மைத்துனன்தான்."

"என்னவோ பேசிக்கங்க. என் புருஷன் சுடலைன்னு ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க," என்றாள் லாபண்யா.

ஒருவரும் போடவில்லை. நிதாய் சுடவில்லை என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை; ஆனால் மைக்கை உயர்த்திச் சைகை காட்டியவன் என்று எல்லாருடைய சதியிலும் அவனுக்கு ஒரு வேலை இருந்தது.

மந்திரிக்குப் போக்கிடம் இல்லை. வீட்டில் அவர் படத்துக்கு மாலை போட்டாகிவிட்டது, படம் இருக்கும் கூடத்தில் ஆளும் இருந்தால் நன்றாக இருக்காது என்று மனைவி சொல்லிவிட்டாள். நிதாயின் ஒலிபெருக்கி அறையில் தங்கினார். இரண்டாம் கமிஷன் போய் மூன்றாம் கமிஷன் வந்தது. முதுகில் பாய்ந்த குண்டு முன்னாலிருந்து வந்ததுதான் என்று மூவாயிரம் பக்கத்தில் அது நிறுவியது. கடுகெண்ணெய் பிசைந்த பொரியைக் கொறித்தபடி அதைப் படித்த மந்திரிக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. ஆனாலும் மாதம் தவறாமல் நிதாயை விடுவிக்கச் சொல்லி லாபண்யாவுக்காக மனு எழுதினார். பதினாலாம் வருடம், பழைய ஞாபகத்தில் கீழே அவள் பெயருக்குப் பதில் தன் கையெழுத்தையே போட்டுவிட்டார். தலைமைச் செயலகத்தில் ஒரு கிழட்டுக் குமாஸ்தா அந்தக் கையெழுத்தைக் கண்டதும் பழக்கத்தில் எழுந்து நின்று, விடுதலை உத்தரவை அன்றைக்கே அனுப்பிவைத்தார்.

தலை நரைத்து வந்த நிதாய் வாசலில் மந்திரியைப் பார்த்தான்.

"அன்னைக்கு என் மேல சாஞ்சீங்களே பாபு, தாங்கித்தான் பார்த்தேன். கனமா இருந்தீங்க."

"தெரியும்டா," என்றார் மந்திரி. "நீ என்னைக் கீழ விடவே இல்லை."

அந்த வருடமே மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். மூணு பேர் என்றாள் லாபண்யா. படிவத்தில் வயது, தொழில், தாய்மொழி எல்லாம் கேட்டிருந்தது. உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கவில்லை. மூன்று என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.