வேரில் படக்கூடாத பொடி

மோங்கோ ஊரில் குபராவின் தலைமுடியைப் பற்றித் தெரியாதவர்கள் இரண்டே ரகம்: நேற்று வந்து இறங்கிய லாரிக்காரர்கள், இன்னும் பல் முளைக்காத குழந்தைகள். இடுப்பைத் தாண்டும் முடி அவளுக்கு. சந்தையில் முடிக்குப் போடும் செபேப் பொடி விற்கிற பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தாலும் கூட்டம் என்னவோ குபராவின் பாய்க்கு முன்னால்தான். அவள் கூவி விற்றதில்லை. போர்த்தியிருக்கும் சேலைத்துணியை லேசாக விலக்கிப் பின்னலை எடுத்து மடியில் போட்டுக்கொள்வாள். வியாபாரம் தானாக நடக்கும்.

அவளுக்குத் தலைக்கனம் உண்டா என்றால், உண்டு. ஏன் இருக்கக் கூடாது? மலையேறிச் செபே விதையைத் தன் கையால் பறிப்பவள் அவள். கருகாமல் வறுத்து, மஹ்லப் என்னும் வாசனைப் பருப்பும் கிராம்பும் மணக்கும் பிசினும் சேர்த்து இடித்து, துணியில் சலித்து எடுப்பாள். கிராம்பு மட்டும் அவள் கை கொஞ்சம் தாராளம். தெருவில் ஒரு பெண் கடந்துபோனால் வாசனையை வைத்தே, இது குபரா வீட்டுப் பொடி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் பின்னல் அவளுடையது. அவள் தெருவில் கல்யாணப் பெண்ணுக்கு முடி பின்னும்போது, இருப்பதிலேயே நீளமான முடிக்காரிதான் முதல் பின்னலைப் போட வேண்டும். அவள் முடி போலவே பெண்ணின் முடியும் குடும்பமும் வளரும் என்று நம்பிக்கை. கல்யாணம் யார் வீட்டில் நடந்தாலும் பெண்ணுக்குப் பின்னால் போடுகிற முக்காலி குபராவுக்குத்தான். அதில் உட்காரும்போது அவள் முதுகு நிமிர்வதைப் பார்க்க வேண்டுமே!

அப்படிப்பட்டவள்தான் மூன்றாவது பிள்ளை பெற்ற பிறகு புத்தி கெட்டுப்போனாள். முன்நெற்றியில் முடி கொட்டத் தொடங்கியது. பிள்ளை பெற்றவர்களுக்குக் கொட்டும், பிறகு தானே வரும். இதைச் சந்தைக்கு வருகிற எத்தனையோ பெண்களுக்கு அவளே சொல்லியிருக்கிறாள். தனக்கு வந்ததும் பொறுமை பறந்துவிட்டது. செபே முடியின் நீளத்துக்குப் போடுகிற பொடி. முடி உடையாமல் காப்பதுதான் அதன் வேலை. மண்டைத்தோலில் அது படவே கூடாது. தோலுக்கு ஒரு துளி எள்ளெண்ணெய் போதும். சின்னப் பெண்களுக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. குபரா என்ன செய்தாள்? நீளத்துக்கு இவ்வளவு செய்கிற பொடி வேருக்குச் செய்யாதா என்று, எண்ணெயில் குழைத்து மண்டையில் வைத்துப் பரபரவென்று தேய்த்தாள். அரிப்பு எடுத்தது. பொடி வேலை செய்கிறது என்று நினைத்து மேலும் தேய்த்தாள். கடைசியில் தலையெல்லாம் புண்ணாகிச் சீழ் கட்டியது. சுகாதார நிலையத்தில் இருந்த நர்ஸ், மழித்தால்தான் மருந்து போட முடியும் என்று சொல்லிவிட்டாள்.

மழித்துவிட்டவள் நாத்தனார் ரௌதா. கணவன் ஹசபல்லா லாரியோடு அபேஷே பக்கம் போயிருந்தான். வேறு யாருக்கும் தெரியாது. குபரா முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று சாக்குச் சொல்லிச் சந்தைக்குப் போகாமல் வீட்டோடு கிடந்தாள். புண் ஆறியது. தலையில் மெல்ல முள்முள்ளாக முடி எட்டிப்பார்த்தது. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு சாதியா, தன் மகள் நஜ்வாவின் கல்யாணத்துக்கு முதல் பின்னல் போட அழைக்க வந்துவிட்டாள்.

"நான் போகலடி ரௌதா. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது?"

"போகலன்னா அந்த முக்காலியில யார் உட்காருவா தெரியுமா? நான்தான். உங்களுக்கு அடுத்த நீளம் எனக்குத்தானே. அப்புறம் நீங்க கேட்டாலும் எழுந்திருக்க மாட்டேன் அண்ணி, சொல்லிட்டேன்."

ரௌதா வாய்தான் அப்படி. மழித்த பின்னல்களைக் குப்பையில் போட மனம் வராமல் துணியில் சுற்றி வைத்திருந்தாள் குபரா. அவற்றை எடுத்து, முக்காட்டின் உள்பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்துத் தைத்துக் கொடுத்தாள் ரௌதா.

"உங்க முடிதானே? கடன் வாங்கினதா, கடையில வாங்கினதா? உங்களோடதை நீங்க போட்டுக்கிறீங்க. இதுல பொய் எங்க இருக்கு?"

குபரா கண்ணாடியில் பார்த்தாள். துணிக்கு வெளியே பின்னல்கள் இடுப்பைத் தாண்டித் தொங்கின. பழைய குபரா. அவளுக்கு அழுகை வந்தது, கூடவே ஆசையும் வந்தது.

சாதியா வீட்டு முற்றத்தில் பெண்கள் கூட்டம். சர்க்கரை தூக்கலாகச் சிவப்புத் தேநீர் சுற்றில் வந்தது. நடுவில் பாயில் நஜ்வா. பின்னால் முக்காலி. குபரா போய் உட்கார்ந்தாள். முதுகு பழையபடி நிமிர்ந்தது. ஒருத்திக்கும் சந்தேகம் வரவில்லை.

நஜ்வாவின் முடியை வகிடு எடுத்தபோதுதான் அங்கங்கே தோல் சிவந்திருப்பதைக் கவனித்தாள்.

"என்னம்மா இது?"

"ரெண்டு நாளா அரிக்குது அத்தை. அம்மாதான் வேர்ல பொடி வச்சித் தேய்ச்சாங்க."

சாதியா கிண்ணம் நிறையக் குழைத்த பொடியோடு வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "இன்னிக்கும் வேர்லேர்ந்தே போடு குபரா. நல்லா அப்பிப் போடு."

"வேர்லயா? சாதியா, அது தோல்ல படவே கூடாது."

"போதும்டி, ஊருக்கு உபதேசம்! உங்க வீட்டு வேலி வழியா நான் பார்த்தேனே. மண்டையில வச்சி நீ எப்படித் தேய்ச்சே! ஊருக்கு ஒண்ணு சொல்லிட்டு வீட்டுக்குள்ள வேற செய்யறே. அதான் உன் முடி மட்டும் இப்படி வளருது. நம்ம தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

இரண்டு மூன்று பெண்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒருத்தி மடியில் இருந்த கைக்குழந்தையின் தலையிலும் அதே கிராம்பு வாசனை.

"அது தப்பு. நான் செஞ்சது தப்பு. புண்ணாயிடும்."

"தொழில் ரகசியம்னா இவ வாயத் திறப்பாளா?" என்றாள் சாதியா, குபராவின் பின்னல்களைச் செல்லமாக இழுக்கக் கை நீட்டியபடி. கூட்டம் சிரித்தது.

குபரா ரௌதாவைப் பார்த்தாள். ரௌதா வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். நஜ்வா தலையைச் சொறிந்தாள்.

சாதியாவின் கை படுமுன் குபராவே முக்காட்டைப் பிடுங்கிப் பாயில் போட்டாள். பின்னல்கள் துணியோடு விழுந்தன. மேலே புண் ஆறிய தழும்பும் முள்முள்ளான முடியுமாக அவள் தலை.

தேநீர்க் கோப்பைகள் அப்படியே நின்றன.

"நல்லாப் பாருங்க. வேர்ல தேய்ச்சா இதான் வளரும். சாதியா, நீ வேலி வழியாப் பார்த்தது நிஜம். அதுக்கப்புறம் நடந்ததையும் இப்போ பார்த்துக்க." அவள் முதுகு வளையவில்லை. குழந்தைக்காரியிடம் திரும்பினாள். "குழந்தையைக் கொண்டுபோய் முதல்ல தலையைக் கழுவு. போ."

குழந்தைக்காரி எழுந்து ஓடினாள். சாதியாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "அய்யோ குபரா... சரி, இப்போ முதல் பின்னலுக்கு என்ன பண்றது? மொட்டைத்தலைக்காரி போட்டா நல்லதா?"

எல்லோர் கண்ணும் ரௌதாவின் நீண்ட பின்னல் மேல் போனது. ரௌதா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "என்னைப் பார்க்காதீங்க. எனக்குக் கை வலி."

"எனக்குக் குபரா அத்தைதான் போடணும்," என்றாள் நஜ்வா. "இங்க எல்லாருக்கும் முடி இருக்கு. என் தலைக்காகத் தன் மானத்தைக் கழட்டிப் போட்டது அவங்க மட்டும்தான். சீக்கிரம் ஆரம்பிங்க அத்தை, அரிப்புத் தாங்கல."

குபரா முதலில் நஜ்வாவின் தலையை வெந்நீரில் கழுவச் சொன்னாள். சிவந்த தோலுக்கு விரல் நுனியில் எள்ளெண்ணெய் தொட்டு வைத்தாள். பிறகு வேரிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பொடியைத் தொடங்கி, நுனிவரை நீவி, முதல் பின்னலைப் போட்டாள். மொட்டைத் தலையோடு அந்த முக்காலியில் அவள் உட்கார்ந்திருந்த நிமிர்வை, இடுப்புவரை முடி இருந்த காலத்தில்கூட யாரும் பார்த்ததில்லை.

அடுத்த சந்தையன்று குபரா பாயை விரித்தாள். பழைய பின்னல்களை ஒரு குச்சியில் கட்டிப் பொடிப் பாத்திரத்துக்கு மேலே தொங்கவிட்டாள். வெளியூர்க்காரி ஒருத்தி நின்று தொட்டுப் பார்த்தாள்.

"அம்மாடி, இவ்வளவு நீளமா! யார் முடி அக்கா இது?"

"என்னோடதுதான். பொடிய வேர்ல படாம, சொன்னபடி போட்டப்போ வளர்ந்தது."

"அப்போ இப்போ?"

குபரா சிரித்துக்கொண்டே முக்காட்டைத் தூக்கிக் காட்டினாள். "இது அதிகப்பிரசங்கித்தனம் பண்ணினப்போ வளர்ந்தது. உனக்கு எது வேணும்னு சொல்லு."