ஒரே வருஷத்தில் வளர்ந்த மரங்கள்

ஓடைக்கரையில் மரம் வளர்த்து மண்ணைக் காத்தால் அரசாங்கம் மானியம் தரும் என்று அறிவிப்பு வந்ததும், மண்வள அலுவலகத்தில் முதல் ஆளாகப் போய் நின்றவர் அண்ணன்தான். நிற்காமல் என்ன? அந்த ஓடையில் மரம் இருந்ததே அவர் கரையில்தான். கல்யாணமான புதிதில் அவரும் மனைவியும் நட்டவை. குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றியவள் அவள். இன்றைக்கு ஒவ்வொன்றும் கட்டிப்பிடித்தால் கை எட்டாத பருமன்.

அங்கேதான் வந்தது வினை. கண்காணிப்பாளர் நேரில் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க கரை நல்லா இருக்கே. நல்லா இருக்கிற கரைக்கு எங்ககிட்ட திட்டம் இல்லீங்க. பக்கத்து நிலம் யாருது?"

பக்கத்து நிலம் அவர் தம்பியுடையது. அந்த மகராசன் தண்ணீர் விளிம்பு வரைக்கும் டிராக்டரை விட்டு உழுதவன். அண்ணன் தலைபாடாக அடித்துக்கொண்டும் கேட்கவில்லை. ஒவ்வொரு மழைக்கும் அவன் கரை பொலபொலவென்று சரிந்து ஓடையோடு போனது. அந்தச் சரிவைப் பார்த்ததும் கண்காணிப்பாளர் முகம் மலர்ந்துவிட்டது. மானியம் தம்பிக்குப் போனது. அவனும் கன்றுகளை நட்டான். நட்டதோடு சரி, ஒரு நாளும் தண்ணீர் காட்டவில்லை. எல்லாம் கருகிக் குச்சியாக நின்றன. மானியத்தில் வாங்கிய புது மோட்டார் மட்டும் ஜோராக ஓடியது.

அண்ணனுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? ஒரு வருஷம் உள்ளுக்குள்ளேயே பொருமியவர், கடைசியில் முடிவுக்கு வந்தார். மரங்களை வெட்டிச் சாய்ப்பது, ஒரு போகம் கரையை உழுது நாசமாக்குவது, அப்புறம் போய்க் கைகட்டி நின்று மானியம் கேட்பது. இதைக் கேட்ட நாளிலிருந்து மனைவி அவரோடு பேசவில்லை. மரம் அறுக்கிற மெஷினை அவர் இரவல் வாங்கி வந்ததும் சாப்பாடு பரிமாறுவதையும் நிறுத்திவிட்டாள்.

மறுநாள் காலை மெஷினோடு கரைக்குப் போனவர் முதல் மரத்தடியிலேயே நின்றுவிட்டார். கை வரவில்லை.

அந்த நேரம் பார்த்தா ஜீப் வர வேண்டும்? கண்காணிப்பாளர் இறங்கினார், அவருக்கும் மேலே ஒரு பெரிய அதிகாரி இறங்கினார், கடைசியாகப் பூனைபோலத் தம்பி இறங்கினான். திட்டத்தின் பலனை நேரில் பார்க்கப் பெரியவர் வந்திருக்கிறாராம். காய்ந்த குச்சியையா காட்ட முடியும்? நேரே அண்ணன் நிலத்துக்கே ஓட்டி வந்துவிட்டார்கள்.

பெரிய அதிகாரி அண்ணாந்து பார்த்தார். "ஒரே வருஷத்துல இவ்வளவு உயரமா?"

"நல்ல மண்ணுங்க," என்றான் தம்பி.

அண்ணன் வாயைத் திறந்தார். தம்பி கண்ணாலேயே அவர் காலில் விழுந்தான். ஒரு வார்த்தை சொன்னால் அவன் ஜெயிலுக்குப் போவான். கூடப்பிறந்து தொலைத்துவிட்டானே! திறந்த வாயை மூடிக்கொண்டார். மெஷின் எதற்கு என்று அதிகாரி கேட்டபோது, கிளை கழிக்க வந்த ஆள் என்று கண்காணிப்பாளரே முந்திக்கொண்டார்.

தம்பி மரத்தில் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டான். டிரைவர் அதே மரத்தில் ஒரு பலகையை வைத்து ஆணி அடித்தார். அரசுத் திட்டத்தில் வளர்ந்த மரங்கள், வெட்டினால் தண்டனை என்று அதில் எழுதியிருந்தது. யாரையும் கை வைக்க விடக்கூடாது என்று பெரியவர் அண்ணனிடமே சொல்லிவிட்டு ஏறினார்.

ஜீப் போன பிறகு அண்ணனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கூடவே, சொன்னால் வெட்கம், அப்பாடா என்றும் இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மனைவி கிட்டே வந்தாள். பலகையைப் படித்தாள். இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்.

"ஆணி நல்லா இறங்கியிருக்கு," என்றாள். "மெஷினைக் குடுத்துட்டு வாங்க. சாப்பாடு எடுத்து வைக்கிறேன்."