ஊசி வாத்தியாரின் கட்டைவிரல்

எங்கள் மீன் பண்ணையில் என்னை ‘ஊசி வாத்தியார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்கள் கிண்டலாகக் கொடுத்த பட்டத்தை நான் மரியாதையாக வாங்கிக்கொண்டேன். போன கோடையில் கிருமி நோய் வந்து, கண் பிதுங்கிய மீன்கள் தண்ணீரில் வட்டமடித்தே செத்தன. அதிலிருந்து குஞ்சுகளைப் பெரிய குளத்தில் விடுவதற்கு முன்பே ஒவ்வொன்றின் வயிற்றிலும் தடுப்பூசி போட்டுவிடுகிறோம். தொட்டியில் மயக்க மருந்து கலந்து அவற்றைத் தூங்கவைப்பது என் மனைவியின் வேலை. தூங்கியதை மேஜையில் மல்லாத்தி, ஊசித் துப்பாக்கியால் குத்துவது நானும் இன்னும் சிலரும்.

அன்று காலையும் வழக்கம்போல் பிரசங்கம் செய்தேன்.

“இது எண்ணெய் கலந்த மருந்து. மீனுக்குத்தான் நல்லது. தப்பித்தவறி நம்ம விரல்ல ஏறிடுச்சுன்னா விரலே போயிடும். வெக்கப்படாம சொல்லுங்க, பாட்டிலையும் எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. இடது கையில கம்பி பின்னின உறை மாட்டாம யாரும் உக்காரக் கூடாது.”

நான் மாட்டவில்லை. உறை போட்டால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் வாத்தியார் பட்டம் என்னாவது? ஊருக்குத்தானே உபதேசம்.

மத்தியானத்துக்கு முன் ஒரு குஞ்சு அரைத் தூக்கத்தில் வந்து சேர்ந்தது. வால் அசைவதைப் பார்த்தும் நான் நிறுத்தவில்லை. நான் விசையை அழுத்தவும் அது துள்ளவும் சரியாக இருந்தது. அதன் வயிற்றுக்குப் போக வேண்டிய மருந்து என் இடது கட்டைவிரலுக்குள் போயிற்று.

“என்ன வாத்தியாரே?” என்றான் பக்கத்தில் இருந்தவன்.

“ஒண்ணுமில்லடா. மீனோட முதுகு முள்ளு குத்திடுச்சு.”

மனைவி தொட்டிப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள். “மயக்கம் பத்தலையா? என் தப்பா?”

“முள்ளுதான்னு சொல்றேனே, வேலையைப் பாரு!” என்று கத்தினேன். வலிக்கிறவனுக்குக் கத்துவது எவ்வளவு வசதி!

வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாட்டிலை எடுத்துப் போகவில்லை. டாக்டரம்மாவிடமும் முள் என்றே சொன்னேன். மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்காம். என்னுடையது அன்று சாயங்காலம் வரைகூடத் தாங்கவில்லை. விரல் வெளுத்து, கல்லாக இறுகி, வலி முழங்கை வரை ஏறியது. வீட்டில் டம்ளரைப் பிடிக்க முடியாமல் கீழே போட்டேன்.

மனைவி என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். தினமும் அந்த மேஜையைப் பார்க்கிறவள். முள் இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பண்ணைக்கு ஓடிப் பாட்டிலை எடுத்துவந்தாள், என்னை மறுபடி டாக்டரம்மா முன்னால் உட்காரவைத்து, பாட்டிலை மேஜைமேல் வைத்தாள்.

டாக்டரம்மா அதில் எழுதியிருந்ததைப் படித்தார். “உடனே கிழிச்சு எண்ணெயை வெளியெடுக்கணும். நாளைக்குக் காலையில வந்திருந்தா விரலையே எடுக்க வேண்டியிருக்கும். முள்ளுன்னு யாருய்யா சொல்லச் சொன்னா?”

பல்லாயிரம் மீனுக்கு ஊசி போட்ட நான், மரத்துப்போக அவர் போட்ட ஒரே ஊசிக்குக் கூரை அதிரக் கத்தினேன். மீன்கள் நாகரிகமானவை.

விரல் தப்பியது. வெளியே வந்ததும் திட்டு விழும் என்று காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், கணக்கு தீர்ந்துவிடும்.

“மத்தவங்க கிட்ட சொன்னீங்க, சரி,” என்றாள். “எங்கிட்டயுமா முள்ளு? நான் மருந்து சரியாக் கலக்கலையோன்னு நாளெல்லாம் செத்துக்கிட்டு இருந்தேன்.”

வீடு வரைக்கும், அதற்குப் பிறகும், அவள் பேசவில்லை.

மறுநாள் கட்டுப் போட்ட கையோடு பண்ணைக்குப் போனேன். எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள்.

“என்ன வாத்தியாரே, முள்ளு குத்தினதுக்கா இவ்வளவு பெரிய கட்டு?”

சுறா முள் என்று சொல்லிச் சிரிக்கவைத்திருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அவள் தொட்டியில் மருந்தைக் கலக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

“முள்ளு இல்ல,” என்றேன், அவளுக்கும் கேட்கும்படி. “உறை மாட்டாம எனக்கு நானே ஊசி போட்டுக்கிட்டேன். வெக்கத்துல பொய் சொன்னேன். மயக்க மருந்து மேல தப்பு இல்ல. மீன் அசையறது தெரிஞ்சும் வேகத்தைக் காட்ட நான்தான் குத்தினேன்.”

பண்ணையே சிரித்தது. “வாத்தியாருக்கு இனிமே கிருமி நோய் வராது!” என்றான் ஒருவன். அடுத்தவன், என்னை எப்போது குளத்தில் விடப்போகிறார்கள் என்று கேட்டான். மானம் கப்பலேறிப் போவதை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“மாத்திரை போட்டீங்களா?” என்றாள்.