நேர்க்கோட்டுக் கணக்கு

எந்த இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினாலும், இடையே எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று சொல்லும் இணையப் பக்கம் அது. அதற்குக் கணக்கு எழுதியவன் அவன். உலக உருண்டையின் மேல் ஒரே கோடு, மணிக்கு எண்ணூற்றைம்பது கிலோமீட்டர், ஏற இறங்க அரை மணி. அந்த வழியில் நேரடி விமானம் இருக்கிறதா என்று கணக்கு கேட்காது.

"உன் பிளேன் நடுவுல எங்கயுமே நிக்காதாடா? ஒரு டீ குடிக்கக்கூட?" என்று பக்கத்து மேசைக்காரன் வாரத்துக்கு ஒருமுறையாவது கிண்டல் செய்வான்.

அன்று காலை ஊரிலிருந்து மனைவியின் அண்ணன் கூப்பிட்டார். இடுப்பு ஆபரேஷன் ஆன அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்குப் போயிருந்த மனைவி, குளியலறையில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் இறந்துவிட்டாள். அவர் அதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"மாப்ள, கேக்குதா? எவ்வளவு நேரத்துல வருவீங்க? அதப் பாத்துத்தான் இங்க ஏற்பாடு பண்ணணும்."

எதிரே திரை திறந்திருந்தது. விரல்கள் இரண்டு ஊர்களையும் தாமாகத் தட்டின. 8,925 கிலோமீட்டர்.

"பதினோரு மணி நேரம், மச்சான்."

"சரி, மேல அஞ்சாறு மணி நேரம் சேத்துக்கறேன். நீங்க வந்து முகத்தப் பாத்தப்புறம்தான் எடுப்போம்."

விமான நிலையக் கவுன்ட்டரில் இருந்த பெண் டிக்கெட்டை நீட்டினாள். இரண்டு இடத்தில் மாற வேண்டும். மொத்தம் இருபத்தேழு மணி நேரம். அங்கிருந்தே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. எட்டு மணி நேரம் கழித்து, முதல் ஊரில் இறங்கியபிறகுதான் சொன்னான்.

மச்சான் மயானத்தில் விசாரித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார்.

"மின்மயானத்துல நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்குச் சொல்லியாச்சு, மாப்ள. சாயங்காலம் நாலு மணியும் காலியாத்தான் இருந்துச்சு. இப்பக் கேட்டா வேற வீட்டுக்காரங்க எடுத்துட்டாங்களாம். அதுக்கப்புறம் ரிப்பேர் வேலைன்னு நாலு நாள் மூடுறாங்க."

"நான் சொன்னது நேரா பறந்தா ஆகுற நேரம், மச்சான்."

"நேரா பறக்குதா?"

"இல்ல."

"உங்க வேலையே அதுதானே. உங்களுக்குத் தெரியும்னுதான் நான் வேற யாரையும் கேக்கல."

மறுநாள் காலை மச்சான் ஊரில் ஒன்பது மணி அடித்தபோது அவன் மூன்றாவது விமானத்தில் இருந்தான். பணிப்பெண் கொடுத்த தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். பசித்தது.

மத்தியானம் ஒன்றரை மணிக்கு வீடு போய்ச் சேர்ந்தான். கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். வாடகை நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவரோரம் நின்றன. மாமியார் வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"பிளேன் லேட்டாமே, மாப்ள. பாழாப் போன பிளேன்."

அவருக்குப் பின்னால் நின்ற மச்சான் கண்ணைக் காட்டினார். வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தார் போலும். சும்மா தலையை ஆட்டியிருந்தால் போதும்.

"லேட் இல்ல, அத்தை. எல்லாம் சரியான நேரத்துக்குத்தான் வந்துச்சு. நான்தான் நேரத்தத் தப்பா சொல்லிட்டேன்."

மாமியார் மகன் பக்கம் திரும்பினார்.

"அப்போ சாயங்காலத்துக்கு வெச்சிருந்தா இவர் பாத்திருப்பாரு, இல்ல?"

மச்சான் நாற்காலிகளை எண்ணி வெளியே எடுத்துவைக்க ஆரம்பித்தார்.